மூன்று விநாடிப் பூட்டு

ஜீவானந்தத்தின் தறி ஷெட்டில் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். தொண்டை கிழியக் கத்தினாலும் பயனில்லை. இருபத்து நான்கு விசைத்தறி ஒன்றாக ஓடுகிற இடத்தில் பக்கத்து ஆள் தும்மினால்கூடத் தெரியாது. ஆனால் நான்கு நிமிடத்துக்கு ஒரு தரம், சொல்லி வைத்தாற்போல, இருபத்து நான்கும் ஒரே சமயத்தில் நின்றுவிடும். மூன்றே விநாடி. அதற்குள் ஷெட்டில் இருக்கிறவர்கள் பேச வேண்டியதைப் பேசிவிடுவார்கள்.

"இன்னா கொழம்பு?"

தடதடவென்று தறிகள் மறுபடி கிளம்பிவிடும். பதில் அடுத்த நான்காவது நிமிடத்தில் வரும்.

"வத்தக் கொழம்பு. ஒனுக்கு?"

இதே கணக்கில் ஒரு கல்யாணமே பேசி முடித்திருக்கிறார்கள். பெண் சேத்துப்பட்டு, மாப்பிள்ளை போளூர். மூன்று நாள் ஆயிற்றாம். நடுவில் யாரும் யாருக்கும் குறுக்கே பேச முடியாததால் சண்டையே வரவில்லை என்று இன்றைக்கும் பெருமை பேசுகிறார்கள்.

அந்த மூன்று விநாடியை ஒழித்துக்கட்டுவதுதான் அமலியின் வேலை.

அமலிக்கு முப்பத்தாறு வயது. ஆரணிக்காரி, கோட்டைப் பக்கத்து ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்தவரின் மகள். பெங்களூரில் எட்டு வருடம் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவள். கெர்னல் எழுதுகிறேன் என்று சொன்னால் ஊரில் யாருக்கும் விளங்குவதில்லை. "ஆதார் கார்டுல அட்ரஸ் மாத்தித் தருவியா?" என்று கேட்பார்கள். கெர்னல் என்பது கணிப்பொறியில் நம் கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கிற நிரல். யாருக்கு எது எப்போது கிடைக்கும் என்று தீர்மானிப்பது அதுதான். அது சரியாக இருந்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஜீவானந்தத்தின் ஷெட் கண்ணமங்கலம் போகிற ரோட்டில் இருக்கிறது. செமி சில்க் சேலை நெய்கிறார்கள். ஒவ்வொரு தறியின் தலைமேலும் ஒரு ஜக்கார்டு. ஒவ்வொரு அடிக்கும் எந்த நூலைத் தூக்க வேண்டும், எதைப் படுக்கவைக்க வேண்டும் என்று இருபத்து நான்கு ஜக்கார்டுக்கும் சொல்லிக்கொடுப்பது மூலையில் இருக்கிற கண்ணாடி அறைக்குள் ஒரே ஒரு பெட்டி. அதற்குள் எட்டுக் கோர். அதாவது எட்டு வேலையாட்கள். எட்டுப் பேர் இருந்து என்ன பிரயோஜனம்? கெர்னலுக்குள் போக ஒரே ஒரு பூட்டுதான்.

ஒண்டுக்குடித்தன வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கு ஒரே பாத்ரூம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி ஒன்று. ஒருத்தர் உள்ளே போனால் மற்ற ஏழு பேரும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே நிற்க வேண்டியதுதான். பெட்டிக்குள் நடந்தது இதுதான். கரண்ட் போய் வந்தால் ஒவ்வொரு சேலையும் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டுமே, அதற்காக நான்கு நிமிடத்துக்கு ஒரு தரம் இருபத்து நான்கு தறியின் நிலையையும் பெட்டி எழுதி வைத்துக்கொள்ளும். அதை எழுதுகிற கோர் பூட்டைப் பிடித்துக்கொள்ளும். மற்ற ஏழும் நிற்கும். சொல்ல ஆளில்லாவிட்டால் தறிகளும் அடுத்த அடி அடிக்காமல் பிரேக் போட்டு நின்றுவிடும்.

தறி நின்று கிளம்பினால் துணியில் மெல்லிசாக ஒரு கோடு விழும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். ஜீவானந்தத்துக்கு அந்தக் கோட்டைக் கண்டாலே பேஜார். அவர் கோயம்புத்தூரில் பெட்டி செய்கிற கம்பெனியைப் பிடித்து உலுக்க, கம்பெனி அமலியைப் பிடித்தது. ஒரே பூட்டை எடுத்துவிட்டுத் தறிக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று, வரிசைக்கு ஒன்று எனச் சின்னச் சின்னப் பூட்டுகளாகப் போட வேண்டும். கேட்க ஈசியாக இருக்கிறதல்லவா? ஒன்றரை வருடம் ஆயிற்று.

ஏனென்றால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பூட்டுப் போட்டாலும் அதற்கு மேலே ஒரு வரி எழுதி வைக்க வேண்டும், இது எதைக் காக்கிறது என்று. அந்த வரி இருந்தால்தான் பின்னால் வருகிறவர் பயமில்லாமல் கைவைக்க முடியும். பழைய பூட்டின் மேலேயும் ஒரு வரி இருந்தது.

காப்பது: எல்லாம்.

முதல் தடவை படித்தபோது அமலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதெல்லாம் ஒரு பதிலா? எழுதியவர் யாரென்று தெரியாது. முப்பது வருடத்துக்கு முன்னால், எந்த நாட்டிலோ. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எழுத்து. கெர்னலில் அந்தப் பூட்டைத் தொடுகிற இடம் அறுநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, இங்கே எதைக் காக்கிறாய், எதைக் காக்கிறாய் என்று கேட்டாள்.

கேட்கக் கேட்கக் கோபம் போய்விட்டது. அந்த இரண்டெழுத்து ஆள் சாமானியர் இல்லை. பூட்டைப் பிடித்திருக்கிற வேலை நடுவில் எதற்காகவாவது தூங்கப் போனால் பூட்டு தானாக அவிழ்ந்து அடுத்தவருக்குப் போய்விடும். எழுந்ததும் முதல் காரியமாகத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பாத்ரூமுக்குள் போனவர் அங்கேயே தூங்கிவிட்டால் சாவி தானே நடந்து வெளியே வருகிற மாதிரி! இதை நம்பித்தான் பாதிக் கெர்னல் ஓடிக்கொண்டிருந்தது. நம்பியிருப்பது யாருக்கும் தெரியாமலேயே நம்பியிருந்தது. அன்றைக்கு அமலி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். முகம் தெரியாத அந்த மனிதரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. இன்னும் எதையெல்லாம் சத்தமில்லாமல் காத்துக்கொண்டிருக்கிறாரோ என்று பயமாகவும் இருந்தது.

அந்தப் பயத்தோடேயே அறுநூற்றுப் பன்னிரண்டையும் முடித்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று நினைத்தாள்.

ஷெட்டில் துர்கா என்று ஒரு தறிக்காரம்மா இருக்கிறாள். நாற்பத்தைந்து வயது. மூன்றாவது வரிசையில் நான்கு தறி அவள் பொறுப்பு. ஷெட்டிலேயே கோடு குறைவாக விழுகிற துணி அவளுடையது. மற்றவர்கள் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் ஒன்று அறுந்தால் கைப்பிடியைத் தள்ளித் தறியை நிறுத்தி, முடி போட்டு, கிளப்புவார்கள். அங்கே கூடுதலாக ஒரு கோடு விழும். துர்கா நிறுத்த மாட்டாள். அறுந்த நுனியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, எல்லாத் தறியும் தானாக நிற்கிற அந்த மூன்று விநாடிக்காகக் காத்திருப்பாள். நின்றதும் கையை உள்ளே விட்டு, நூலை அச்சு வழியே இழுத்து, முடிந்து, கையை எடுத்துவிடுவாள். அச்சு என்பது குறுக்கே போகிற ஊடை நூலை அடித்து நெருக்குகிற சீப்பு. இரும்பு. ஒரு நிமிடத்தில் நூற்று இருபது அடி அடிக்கும். விரல் அகப்பட்டால் விரல் இல்லை, அவ்வளவுதான்.

அமலி இதைத் தன் கண்ணால் ஏழெட்டுத் தடவை பார்த்திருக்கிறாள். ஒரு தடவை வாயைப் பிளந்துகொண்டு பார்த்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் கேட்டாள்.

"எப்டிக்கா இவ்ளோ ஜல்தியா முடியுற?"

நான்கு நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

"கை ராசி டீச்சர் பொண்ணே!"

துர்காவின் கை அந்த மூன்று விநாடியை நம்பியிருப்பதை அமலி பார்த்தாள். அந்த மூன்று விநாடியைத் தான் அழித்துக்கொண்டிருக்கிறோம் என்றும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் அவள் சேர்த்துப் பார்க்கவேயில்லை. படித்த பிள்ளை! கெர்னலுக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் தேடியவளுக்குக் கண்ணாடிக்கு வெளியே ஒரு இடம் இருப்பது தோன்றவில்லை.

சோதனை ஓட்டம் வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு. ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் புதிய கெர்னல் கம்பெனியின் எல்லாப் பெட்டிக்கும் போகும். தகராறு செய்தால் பழையதே போதும், இந்த வேலையையே மூடிவிடலாம் என்று கோயம்புத்தூரில் சொல்லிவிட்டார்கள். ஜீவானந்தம் வாசல் கதவில் கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். 'இன்று முதல் புது சாஃப்ட்வேர். கோடு விழாது.' கோடு விழாது என்று எழுதினாரே தவிர, தறி நிற்காது என்று எழுதவில்லை. அவருக்கு வேண்டியது கோடுதானே. அமலியும் அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

பத்தரைக்குத் தறிகள் கிளம்பின.

கண்ணாடி அறையில் அமலி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பக்கத்தில் ஜீவானந்தம். எட்டுக் கோருக்கும் எட்டுப் பட்டை. பழைய கெர்னலில் ஒன்று பச்சையாக இருந்தால் மற்றவை சிவப்பாகக் காத்துக்கிடக்கும். இப்போது எட்டும் பச்சை. ஒரு நிமிடம் ஆயிற்று. எட்டும் பச்சை. ஒரு விநாடிக்குள் கோடிக்கணக்கான தடவை எட்டுப் பேரும் ஒரே நினைவகத்தில் கைவைக்கிறார்கள், எழுதுகிறார்கள், எடுக்கிறார்கள். ஒருத்தர் கை இன்னொருத்தர்மேல் படவில்லை. காவலுக்கு யாரும் நிற்கவில்லை. கடைத்தெருவில் தீபாவளிக் கூட்டம் முழுக்கக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடி, ஒருத்தர் தோள்கூட இடிக்காமல் போனால் எப்படி இருக்கும்! சும்மா சொல்லக் கூடாது, எழுதியவளுக்கே நம்ப முடியவில்லை.

"அண்ணா, வெளிய வந்து சத்தத்தக் கேளுங்க" என்றாள்.

ஜீவானந்தம் கூடவே அறை வாசல் வரைக்கும் வந்தார். இருபத்து நான்கு தறியும் தனித்தனித் தடதடப்பாக இல்லாமல் தகரக் கூரையில் அடைமழை பெய்வதுபோல ஒரே சத்தமாக ஓடின. சொன்னால் கேட்காது என்று ஜீவானந்தம் இரண்டு கையையும் தூக்கி ஒரு கும்பிடு போட்டார். அமலிக்குக் கண் நிறைந்துவிட்டது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே முக்கால் நிமிடம். நான்காவது நிமிடத்தில் பெட்டி எல்லாத் தறியின் நிலையையும் எழுதப் போகிறது. இந்தத் தடவை ஒரு தறியும் நிற்காது.

அப்போதுதான் ஷெட்டில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்தாள். முதல் வரிசையில் ஒருத்தி பக்கத்து ஆள் பக்கம் திரும்பி, சொல்ல வேண்டியதை வாயில் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது வரிசையில் ஒருத்தர் கையை ஆட்டத் தூக்கி வைத்திருந்தார். ஷெட்டு முழுக்க நிறுத்தத்துக்காகக் காத்திருந்தது. அமலிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஐயோ பாவம், இனிமேல் எப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்தாள்.

மூன்றாவது வரிசையில் துர்கா குனிந்திருந்தாள். வலது கையைத் தறிக்கு மேலே தூக்கி வைத்திருந்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு நூல் நுனி. கண் தறியில் இல்லை. ஆறு வருடப் பழக்கம், கண் எதற்கு? தோளில் உள்ள ஏதோ ஒன்று அடிகளை எண்ணிக்கொண்டிருந்தது. நிற்பதற்கு அரை விநாடி முன்னாலேயே அவள் கை இறங்கத் தொடங்கும். அமலி பார்த்திருக்கிறாள். ஏழெட்டுத் தடவை பார்த்திருக்கிறாள்.

காப்பது: எல்லாம்.

அமலி "அக்கா!" என்று அலறினாள். பக்கத்தில் நின்ற ஜீவானந்தத்துக்கே அது கேட்கவில்லை. துர்காவிடம் ஓட முடியாது, நடுவில் எட்டுத் தறி. மெயின் சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருந்தது, அதை அணைத்தாலும் தறிகள் ஓடிய வேகத்தில் நாலு அடி அடித்துவிட்டுத்தான் நிற்கும். ஒரே ஒரு வழிதான். பழைய பூட்டை அவள் முழுசாகத் தூக்கிப் போட்டிருக்கவில்லை. சோதனையில் ஏதாவது சிக்கினால் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் பிடித்து நிறுத்திப் பார்க்கலாமே என்று ஒரு கட்டளைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். கண்ணாடி அறைக்குள் பாய்ந்தாள். நாற்காலி உருண்டது. நான்கு எழுத்துக் கட்டளை. இரண்டாவது எழுத்தில் விரல் வழுக்கி, அழித்து, மறுபடி அடித்து, என்டரைக் குத்தினாள்.

ஷெட்டு நின்றது.

அமலி கண்ணாடி வழியே பார்த்தாள். துர்காவின் கை மணிக்கட்டு வரைக்கும் தறிக்குள் இருந்தது. அடித்துவிட்டுப் பின்னால் போன அச்சு, போன இடத்திலேயே நின்றது. திரும்பி வரவில்லை.

அந்த அமைதியில் ஷெட்டில் இருந்த எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"தண்ணி வந்துச்சா ஊட்டுல?"

"சரவணன் போன் பண்ணிகினே கீறான், எடு!"

"நேத்து சொன்னது இன்னா ஆச்சு?"

துர்காவும் பேசினாள். நூலை முடிந்துகொண்டே, பக்கத்துத் தறி ரேணுகாம்பாளிடம், "சாயங்காலம் போளூர் போறேன், வர்றியா?" என்றாள். முடி போட்டு, கையை வெளியே எடுத்து, புடவையில் துடைத்துக்கொண்டாள். ஐந்து விரலும் இருந்தன. தனக்கு ஏதோ நடந்தது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

மூன்று விநாடி தாண்டியும் தறி கிளம்பவில்லை. பேச்சு தீர்ந்துபோய், எல்லாரும் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார்கள். அமலி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஜீவானந்தம் ஓடிவந்தார். "இன்னாம்மா, நின்னுபோச்சு? ஃபெயிலா?"

"இல்லண்ணா. நான்தான் நிறுத்தினேன்."

"எதுக்கும்மா? நல்லாத்தானே ஓடிகினு இருந்துச்சு?"

அமலி விரலை நீட்டித் துர்காவைக் காட்டினாள். சொல்லச் சொல்ல ஜீவானந்தத்தின் முகம் வெளுத்தது. அவர் துர்காவைக் கூப்பிட்டுத் திட்டினார். தன்னையே திட்டிக்கொண்டார். போய் வாசலில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துப் போட்டார்.

எல்லாம் அடங்கியதும் அமலிக்கு மிஞ்சியது ஒரு திகைப்புதான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்று வைத்துக்கொண்டாலும் ஆறு வருடத்தில் பதினெட்டாயிரம் தடவை அந்தக் கை உள்ளே போய் முழுசாக வெளியே வந்திருக்கிறது. காத்தது யார்? அந்தப் பூட்டை எழுதியபோது துர்கா பாவாடை தாவணி போட்ட பெண்ணாக எங்கேயோ திரிந்துகொண்டிருந்திருப்பாள். ஆரணி என்று ஒரு ஊர் இருப்பதே அந்த ஆளுக்குத் தெரிந்திருக்காது. எதையெல்லாம் காக்கிறோம் என்று தனக்கே தெரியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் 'எல்லாம்' என்று எழுதினாரோ என்னவோ. முதலில் அவள் திட்டிய அந்த ஒரு சொல்லைப் போல உண்மையான சொல் அந்தக் கெர்னலில் வேறு எதுவும் இல்லை.

அன்றைக்கே பழைய கெர்னலைத் திரும்பப் போட்டாள். புதியது நன்றாக ஓடியது, ஆனால் தர மாட்டேன், ஆறு வாரம் வேண்டும் என்று கோயம்புத்தூருக்கு எழுதினாள். அங்கிருந்து நாலு பேர் மாற்றி மாற்றிப் போனில் கத்தினார்கள். அவள் அசையவில்லை. ஐந்தாவது ஆளிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். அவர், "ஆறு வாரம் எடுத்துக்கங்க மேடம்" என்றார்.

ஆறாவது வாரம் துர்காவின் நான்கு தறியிலும் காலடியில் ஒவ்வொரு மிதி முளைத்தது. மிதித்தால் அந்தத் தறி மட்டும், கோடு விழாத சரியான இடத்தில் நிற்கும். மற்ற இருபத்து மூன்றும் மழைபோல ஓடிக்கொண்டே இருக்கும். முடி போட்டதும் வலப் பக்கத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் கிளம்பும். கெர்னலில் அதற்கென்று தனியாக ஒரு பூட்டு. எட்டுக் கோரில் யார் கேட்டாலும் கிடைக்காது, தூங்கினாலும் அவிழாது. அதைப் பிடிப்பதும் விடுவதும் தறிக்காரர் மட்டும்தான்.

பூட்டுக்கு மேலே அமலி ஒரு வரி எழுதினாள். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் துர்காவைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"இன்னா எழுதிகீற?"

அமலி தமிழில் படித்துக் காட்டினாள். "காப்பது: துர்கா அக்காவின் வலது கை."

துர்கா உதட்டைச் சுழித்துக்கொண்டு யோசித்தாள். "எம் பேரு கம்ப்யூட்டர் உள்ளகூடப் போயிடுச்சா! சரி, எடது கை இன்னா பாவம் பண்ணுச்சு?"

"எடது கையா?"

"பின்ன? சோத்துக் கையால நூல உடறேன். கீழ எடது கைதானே வாங்கிகினு கீது? முடிஞ்ச கையோட நான் இத அழுத்திட்டேன்னு வெய்யி..." வலது கையால் காற்றில் ஒரு பொத்தானை அழுத்திக் காட்டினாள். இடது கை இன்னும் ஏதோ துணிக்கு அடியில் இருப்பதுபோல மடங்கியே இருந்தது.

அமலி அந்த இடது கையைப் பார்த்தாள். ஒன்றரை வருடமும் ஆறு வாரமும் போய், அதை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். எழுந்து துர்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அடச்சீ, எண்ணெக் கை, உடு" என்றாள் துர்கா.

அன்றைக்கும் ஓட்டம் நடக்கவில்லை. இடப் பக்கத்திலும் ஒரு பச்சைப் பொத்தான் வைத்தார்கள். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் தறி கிளம்பும். ஒரு கை உள்ளே இருந்தால் கிளம்பாது. திங்கட்கிழமை காலையில் அமலி அந்த வரியைத் திறந்து, 'வலது கை' என்பதை அழித்துவிட்டு, 'இரண்டு கைகளும்' என்று எழுதினாள். பிறகுதான் தறிகளை ஓட்டச் சொன்னாள்.